இருட்டில் மினுங்கும் சாயம்

காலையிலிருந்து ஒரு வாய் சாயம்கூடக் குடிக்காமல் ஒரு மனிதன் எப்படித் துப்பறிவது என்று ஷிராஸுக்கு விளங்கவில்லை. பால் விடாத தேத்தண்ணிக்கு மலைநாட்டில் சாயம் என்று பெயர். சும்மா ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவனை உதவியாளன் என்று சொல்லி யசோதினி தன் பக்கம் இழுத்த நாளிலிருந்து, அவனுக்கு அது மட்டும் நேரத்துக்குக் கிடைத்ததே இல்லை. கேட்டால், "இத முடிச்சிட்டுக் குடிக்கலாம்" என்பாள். இவளிடம் வருகிற விவகாரங்கள் எங்கே முடிகின்றன?

அவள் ஓரிடத்தில் நிற்கமாட்டாள், உட்காரவும் மாட்டாள். நமுனுகுல பக்கத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயமொன்றில் பிறந்து, சட்டம் படிக்கப் போய், அதைப் பாதியில் உதறிவிட்டு, பதுளை பஜாரில் ஒரு தையல் கடைக்கு மேலே 'விசாரணை நிலையம்' என்று பலகை மாட்டியவள். கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். யோசனை ஓடினால் பட்டனை அழுத்துவாள், குடை விரியும். மடக்குவாள், மறுபடி விரியும். பக்கத்தில் நிற்பவன் கண்ணைக் காப்பாற்றிக்கொள்வது அவனவன் சாமர்த்தியம்.

இப்போது அந்தக் குடை, பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் சின்ன ஆய்வுகூடத்தில் விரிந்து மடங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பிள்ளையின்ர சளிக்குச் சாயம் போட்டு வச்சிருக்கிறன். பாக்கிறீங்களோ?" என்றார் ஆய்வுகூடப் பொறுப்பாளர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியையும் வார்த்தைகளையும் துடைத்துத் துடைத்துப் பாவிக்கிறவர்.

"எனக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடுங்க சேர்," என்றான் ஷிராஸ்.

இரகுநாதன் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "தம்பி, நான் சொன்னது நிறச் சாயம். நீர் கேக்கிறது தேத்தண்ணி."

"எங்க ஊர்ல ரெண்டுக்கும் ஒரே பேரு சேர். அதான் ஆசப்பட்டுட்டேன்."

யசோதினி சிரிக்கவில்லை. அவளுக்கு ஜீவராணியின் முகம்தான் மனதில் இருந்தது. நீலாவத்தைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் அந்தப் பெண். சில நாட்களுக்கு முன்பு தோட்டத்தில் மருத்துவ முகாம் நடந்தது. இருமல் இருந்தவர்கள், இல்லாதவர்கள், எல்லோரும் சளி கொடுத்தார்கள். ஜீவராணியின் சளியில் காசநோய்க் கிருமி என்று அறிக்கை வந்தது. அன்றைக்கே தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "இது என்னோடது இல்லீங்க மிஸ். எப்படின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது" என்று நேற்று பஜாருக்கு வந்து அழுதவளை யசோதினியால் மறக்க முடியவில்லை.

இரகுநாதன் யன்னல் திரையை இழுத்து அறையை இருட்டாக்கினார். "இந்தச் சாயம் கிருமியில ஒட்டிச்செண்டா லேசில போகாது. கழுவினா மற்றதெல்லாத்திலயும் இருந்து போயிடும், கிருமியில மட்டும் நிண்டுகொள்ளும். நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினா மினுங்கும். குனிஞ்சு பாருங்கோ."

யசோதினி நுணுக்குக்காட்டியில் குனிந்தாள். கறுப்புக்குள் மஞ்சளும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் குச்சிகள், உமி சிதறினாற்போலக் கிடந்தன. கிருமி இல்லை என்று வாதாட இடமே இல்லை. ஆனால் குச்சிகளுக்கு நடுவே வேறொன்றும் இருந்தது.

"இந்தச் செவப்பு என்ன சேர்?"

"அது கிருமியில்ல, இலைத் துணுக்கு. பச்சை இலை இந்த வெளிச்சத்தில சிவப்பாத்தான் தெரியும். வெத்திலை போடுற ஆக்களின்ர சளியில வாறதுதான்."

"ஜீவராணி வெத்தல போடாது."

"பல்லு நல்ல வெள்ள," என்றான் ஷிராஸ். "நேத்து அழும்போது பாத்தேன்."

"இன்னொண்ணு சேர். அதுக்குச் சளியே வரலியாம். எச்சிலத்தான் துப்பிக் குடுத்தேன்னு சொல்லுச்சு," என்றாள் யசோதினி.

இரகுநாதனின் கை திரைச்சீலையிலேயே நின்றது. "இது நல்ல கட்டிச் சளியெல்லே. எச்சிலெண்டா எனக்குத் தெரியும்."

"பேர எங்க ஒட்டினீங்க? கப்புலயா, மூடியிலயா?"

அவர் பிடரியைத் தடவினார். "கோப்பையின்ர பக்கத்திலதான் ஒட்ட வேணும். அண்டைக்குச் சரியான சனம். அவசரத்தில மூடியில ஒட்டிப்போட்டினம். அது எங்கட பிழைதான்."

"மூடி மாறினா ஆளே மாறிடும்," என்றாள் யசோதினி.

"எங்க உம்மாவும் உப்பு, சீனின்னு மூடியிலதான் எழுதி வைக்கும்," என்றான் ஷிராஸ். "போன நோம்புக்குக் கஞ்சி இனிச்சிச்சு."

"நீங்கள் செய்யிறதைக் கெதியாச் செய்யுங்கோ," என்றார் இரகுநாதன். "வெளிச்சம் படப்பட இந்த மினுக்கம் மங்கிப் போயிடும். நாளைக்கு வந்து காட்டச் சொன்னா என்னட்டக் காட்ட ஒண்டும் இராது. நாளைக்குக் காலமை அந்தப் பிள்ளைக்கு மருந்தும் துவங்கப் போகினம்."

"அத நிப்பாட்டுறது லேசு சேர். இன்னொரு தடவ சளி எடுத்தாப் போதும், ஜீவராணி தப்பிச்சிரும். இந்தச் சளிக்குச் சொந்தக்கார ஆளு இப்ப எங்க இருக்கு? அது யாரு புள்ளய மடியில வச்சுக்கிட்டு இருமுது? எனக்கு அதுதான் இருப்புக் கொள்ளல," என்றாள் யசோதினி.

இரகுநாதன் வாசல்வரை வந்து, "தட்டுக் கோப்பையால இது பரவாது, காத்தாலதான். அதையும் அங்க சனத்துக்குச் சொல்லுங்கோ" என்றார். அவர் சொல்லி முடிக்கும்போது குடை கீழ்ப்படியில் விரிந்திருந்தது.

பசறை ரோட்டில் ஆட்டோ முக்கி முனகி ஏறியது. மலையில் பாதியை மூடுபனி விழுங்கியிருந்தது. யசோதினி பின்சீட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டிருந்ததில் வண்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மிஸ், நீங்க ஒரு பக்கமா இருந்தீங்கன்னா நான் பள்ளத்துல விழாம ஓட்டுவேன்."

"பேசாம ஓட்டு. கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள்ள போயிரணும்."

பிள்ளைக்காம்பராவில் தொட்டில் சேலைகள் வெறுமையாகத் தொங்கின. வராந்தாவில் ஜீவராணி தனியே உட்கார்ந்திருந்தாள். அரைச்சுவரின் மேல் ஒரு டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் பிளாஸ்டர் ஒட்டி அவள் பெயர் எழுதியிருந்தது.

"இத யாரு ஒட்டினா?" என்றாள் யசோதினி.

"நாந்தாங்க மிஸ். தனியா வைக்கச் சொன்னாங்க. முகாம்ல மூடியில பேரு ஒட்டினப்ப மிச்சமான பிளாஸ்டரு." ஜீவராணி கையைப் பிசைந்தாள். "எனக்குச் சீக்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்க. புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்னு சொல்றாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

"கப்பெல்லாம் எங்க இருந்துச்சு?"

"இதே சுவத்துலதான் வரிசையா இருந்துச்சு. எல்லாரும் கொண்டாந்து வச்சாங்க, போனாங்க. நான் புள்ளைங்களப் பாத்துக்கிட்டு உள்ள இருந்தேன்."

"இப்ப உங்கூட யாரும் பேசுறதில்லையா?"

"ஜெயலெட்சுமி அக்கா மட்டும் பேசும். அந்திக்குச் சோறு கொண்டாந்து குடுக்கும். 'உனக்கு ஒண்ணும் இருக்காதுடி, திரும்பப் பாத்தா இல்லன்னு வந்துரும்'னு சொல்லும். அது இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல மிஸ்." பிறகு ஷிராஸைப் பார்த்து, "அண்ணனுக்கு ஒரு சாயம் ஊத்தலாம். ஆனா இப்ப என் கையால யாரும் குடிக்க மாட்டாங்க" என்றாள்.

"நான் குடிப்பேன்," என்றான் ஷிராஸ். மனதாரத்தான் சொன்னான். ஆனால் யசோதினி அதற்குள் படி இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் போயிருந்தாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் நல்லையா கங்காணி நின்றார். வாயிலிருந்து மோவாய் வரை வெற்றிலைச் சிவப்பு. அவர் செருமிய செருமலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"மிஸ், ஆளு கெடச்சாச்சு," என்று ஷிராஸ் கிசுகிசுத்தான். "வாயப் பாருங்க, சிக்னல் லைட் எரியுது."

யசோதினி நேரே கேட்டாள். "கங்காணி ஐயா, முகாமுக்குச் சளி குடுத்தீங்களா?"

"குடுத்தேனே தாயி. எனக்கு ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு. வாய்தான் செவப்பு, நெஞ்சு சுத்தம்."

"அந்தச் சளியில சாயம் போட்டுப் பாத்தாங்களாம்."

"சளியிலயா?" நல்லையா முகத்தைச் சுளித்தார். "நல்ல சாயத்தக் கொண்டுபோய் எதுக்குத் தாயி அதுல ஊத்துறாங்க?"

சாக்கு இறக்கிய பெண்கள் சிரித்தார்கள். யசோதினி விடவில்லை. "அன்னைக்கு வெத்தல போட்டுட்டுத்தானே கப்பக் குடுத்தீங்க?"

கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன வெவரங்கெட்டவனா? கண்ணு முழிச்சதும் வாயக் கொப்புளிச்சிட்டு, வேற ஒண்ணையும் வாயில வைக்காம துப்பச் சொன்னாங்க. அப்படித்தான் குடுத்தேன். வெறும் வாயில எவனாச்சும் வெத்தல போடுவானா? மொதல்ல சாயம், பொறகுதான் வெத்தல. இந்தத் தோட்டத்துல அப்படி இல்லாத ஒரு ஆளக் காட்டு பாப்போம்."

யசோதினியின் குடை மடங்கியது. மறுபடி விரியவில்லை. அன்று முதன்முறையாக அவள் அசையாமல் நின்றாள். அவள் நின்றால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம், அது ஷிராஸுக்குத் தெரியும்.

"சாயத்துக்கு முந்தி வெத்தல இல்ல," என்றாள் வெளியே வந்ததும். "அப்ப கண்ணாடியில செவப்பாத் தெரிஞ்சது வெத்தல இல்ல ஷிராஸ். நாம வேற எலயத் தேடணும். விடிஞ்சதும், சாயத்துக்கு முந்தி, வெறும் வாயில எலைய மெல்லுறது யாரு?"

"ஆடு."

"ஆடு இல்லாட்டி?"

ஷிராஸ் கொஞ்சம் யோசித்தான். சிரிப்பு போய்விட்டது. "சீக்காளி."

"மருந்துக்கு மெல்லுது. யாருக்கும் தெரியாம மெல்லுது. வா."

மேல் லயத்தில், மலைத்தண்ணீர் குழாயில் விழும் பீலியடியில் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். யசோதினி அங்கே போனதும் ஊர்க்கதை பேச வந்தவள்போல ஒரு கல்லில் சாய்ந்துகொண்டாள். லயத்துப் பேச்சு அவளுக்குப் பழகிய பேச்சு. "ஏங்க, முகாம்ல எடுத்த சளியில சாயம் ஊத்தினாங்களாமே, கேள்விப்பட்டீங்களா?"

பீலியடி சிரிப்பில் அதிர்ந்தது. "எச்சில்ல சாயமா, யாரு குடிக்க?" என்றாள் ஒருத்தி. "தொரைக்குக் குடுப்பாங்களா இருக்கும்," என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் சீனியா கருப்பட்டியா என்று கேட்டாள். ஷிராஸுக்கு இவர்களோடு சேர்ந்து சிரிக்க ஆசையாக இருந்தது.

ஓரத்தில், இடுப்பில் குழந்தையோடு துணி பிழிந்துகொண்டிருந்தவள் மட்டும் தலை நிமிராமல் சொன்னாள். "அது குடிக்கிற சாயம் இல்லடி. ஊத்தி, இருட்டு ரூம்புல வச்சுப் பாப்பாங்க. சீக்கு இருந்தா மினுங்கும்."

மற்றவர்கள் அதையும் பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். ஷிராஸ் சிரிக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவனே இன்று காலை ஒரு இருட்டறையில் நிற்க வேண்டியிருந்தது. லயத்தில் இருக்கும் ஒருத்திக்கு இது எப்படித் தெரியும்?

"உங்க பேரு என்னங்க அக்கா?" என்றாள் யசோதினி.

"ஜெயலெட்சுமி." துணியைச் சுருட்டிக்கொண்டு அவள் சட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் இருமல் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்து அதை உள்ளேயே நசுக்கிக்கொண்டு நடந்தாள்.

ஜீவராணிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரே ஒருத்தி. இது வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று ஷிராஸ் நினைத்தான்.

லயத்துக்கோடியில் அவளுடைய வீடு. பின்பக்கம் அடுப்படி, அதையொட்டி ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. ஆட்டுக்குப் பக்கத்தில் ஒரு செடி. ஆளுயரம் இருக்கும், ஆனால் கம்புகள் மட்டும்தான் நின்றன. உச்சியில் நாலைந்து இலை மிஞ்சியிருந்தது.

"இந்தச் செடி ஏங்க மொட்டையா நிக்குது?" என்றாள் யசோதினி.

ஜெயலெட்சுமி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "ஆடு மேஞ்சிருச்சுங்க மிஸ்."

ஷிராஸ் உச்சியிலிருந்து ஓர் இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்தான். வீட்டில் வாப்பாவுக்கு இழுப்பு வரும் நாட்களில் உம்மாவின் அடுப்பில் கொதிக்கும் அதே கசப்பு வாடை. "மிஸ், இது ஆடாதோடை," என்றான். "இருமலுக்கு மெல்லுறது, அவிச்சும் குடிப்பாங்க. ஆடு இதத் தொடாது. பேரே அதுதான்."

யசோதினி இன்னோர் இலையைப் பறித்து ஆட்டின் வாய்க்கு நேரே நீட்டினாள். ஆடு முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அசைபோட ஆரம்பித்தது.

ஜெயலெட்சுமி அடுப்படிக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு நின்னேன் மிஸ், சின்ன வயசுல," என்றாள். "இருமல் வந்துச்சு. கூட்டிட்டுப் போனாங்க. சாயம் போட்டுப் பாத்தாங்க, மினுங்குதுன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்தா என் பாயும் தட்டும் கேட்டுக்கு வெளிய கெடக்கு. மழை பெஞ்சுது. தட்டுல தண்ணி நெறஞ்சு கெடந்துச்சு. மாத்திர குடுத்தாங்க, கொஞ்ச நாள் போட்டேன், ஊருக்கு வந்ததும் விட்டுட்டேன். இங்க யாருக்கும் தெரியாது. ஊட்டுக்காரருக்கும் தெரியாது."

"மூடிய நீங்கதான் மாத்துனீங்க."

"அவ கப்பு என் கப்புக்குப் பக்கத்துல இருந்துச்சு. அவ திடமான புள்ள மிஸ். திரும்பப் பாத்தா இல்லன்னு வந்துரும், அதோட எல்லாம் முடிஞ்சிரும்னு நெனச்சேன். இவனையும் சேத்து வெளிய வச்சிருவாங்களோன்னு பயந்துட்டேன்."

"எதுவும் முடியல அக்கா," என்றாள் யசோதினி. அவள் குரல் கடுத்திருந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது. "உங்க தட்ட எடுத்து இன்னொருத்தி வாசல்ல வச்சிருக்கீங்க. இவனையும் இப்ப பாக்கணும். ஆடாதோடையால இது தீராது."

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினார்கள். லயத்து மூலையில் ஜீவராணி நின்றாள். நேற்றுச் சோறு வந்த தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தவள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

அவளுக்குப் பின்னால், பீலியடிப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து எட்டிப்பார்த்தார்கள்.

ஜீவராணி தட்டைக் கல்லின் மேல் வைத்தாள். "புள்ளயக் குடு அக்கா," என்றாள்.

ஜெயலெட்சுமி பின்னுக்கு நகர்ந்தாள். பிறகு கொடுத்தாள். குழந்தைக்கு இந்த விவகாரமெல்லாம் தெரியாது. காம்பராவில் தன்னைத் தூக்கி வளர்க்கிறவளைக் கண்டதும் அவள் காதைப் பிடித்து இழுத்தது. ஜீவராணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"உன்ன மன்னிக்க எனக்கு மனசு வரல அக்கா. வருமான்னும் தெரியல," என்றாள் அழுதுகொண்டே. "நாளைக்குக் காலைல மருந்துக்கு வரச்சொல்லி என்னத்தான் கூப்பிட்டிருக்காங்க. மொத பஸ்ல போறேன். நீயும் வா. இவன நான் தூக்கிட்டு வாறேன். நீ ஜன்னல் பக்கமா உக்காரு."

ஜெயலெட்சுமி முகத்தை மூடிக்கொண்டாள். "வந்தா அந்த டம்ளர்ல என் பேர ஒட்டிருவாங்களே."

"டம்ளரால இது பரவாதாம்," என்றாள் யசோதினி, நின்ற பெண்களுக்கும் கேட்கிற குரலில். "காத்தாலதான் பரவும். பதுளையில சேர் சொல்லி அனுப்பினாரு."

ஒருத்தி பின்னுக்குப் போனாள். இன்னொருத்தி தன் பிள்ளையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். இது இப்படியே விட்டால் நாளைக்கு அந்த பஸ்ஸில் மூன்று பேருக்கும் யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள் என்று ஷிராஸுக்குத் தெரிந்தது. அடுப்பில் கேத்தலில் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜெயலெட்சுமியின் டம்ளர் இருந்தது.

"தங்கச்சி," என்றான் ஜீவராணியிடம். "வந்தப்ப ஒரு சாயம் ஊத்துறேன்னு சொன்னீங்க."

ஜீவராணி அவனைப் பார்த்தாள். குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அந்த டம்ளரை எடுத்து, கேத்தலிலிருந்து ஊற்றினாள். ஷிராஸ் அதை வாங்கிக்கொண்டு, பெண்கள் நின்ற பக்கமாகத் திரும்பி, மடக்கு மடக்காக, அடி தெரியும்வரை குடித்தான்.

"சீனி போதுமா அண்ணே?" என்றாள் ஜெயலெட்சுமி, முகத்திலிருந்து கையை எடுத்து.

அவன் டம்ளரை அவளிடமே நீட்டினான்.

"இன்னொன்னு ஊத்துங்க அக்கா, சொல்றேன்."